ஸ்பாட்டர் எண் ஏழு

தேர்வுக்கு முந்தின நாள் சாயங்காலம்
ஃபார்மலின் மாற்றும்போது உடைந்தது.
ஜாடியின் வாய் குறுகல், என் விரல் தடிமன்.
நெத்திலி முள் ஒடிகிற சத்தம்கூட இல்லை.

ஏழாம் எண் சீட்டை ஒட்டி
ஏற்காட்டு மலை தெரிகிற ஜன்னலோரம் வைத்தேன்.
உடைந்த கையைச் சட்டைப்பையில்,
பஸ் டிக்கெட்டோடு.

இறகு நட்சத்திரம்.
கோழி இறகு என்று எழுதுவான் ஒருவன்,
பெரணி என்பாள் ஒருத்தி,
வருஷா வருஷம்.
பிராணிங்க அது.
ஐந்தாய்ப் புறப்பட்டு, அடியிலேயே கவட்டை பிரிந்து
பத்துக் கை.
கைக்கு இருபுறமும் சீப்புப்பல்.
நடுவில் சுண்டைக்காயளவு உடம்பு.
வாய் வானத்தைப் பார்த்திருக்கும்;
கழிவு போகும் வழியும் அதே முகத்தில்,
வாய்க்கு அடுத்த வீடு.
மூளை கிடையாது.
எனக்கென்று யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை.
இருபத்திரண்டு வருஷம் கதவோரம் நின்று கேட்டது.

சின்னதில் காம்பு உண்டாம்,
நட்டுவைத்த பூவாட்டம்.
ஒரு நாள் காம்பைவிட்டுக் கழன்று
தன்பாட்டுக்குப் போய்விடும்.
அடியில் கொக்கி விரல்கள்,
பிடித்த பாறையைப் பிடித்துக்கொள்ள.

உயிரோடு ஒன்றைப் பார்த்திருக்கிறேன்.
மண்டபம் டூர்.
சமையல் பாத்திரத்துக்குக் காவலாய் என்னையும் ஏற்றினார்கள்.
வற்றுநேரம், முழங்கால் தண்ணி.
படகுக்காரர் செபமாலை பவளக்கல் இடுக்கைக் காட்டினார்.
பகலெல்லாம் சுருண்டு கிடக்கும்,
ராத்திரி மேலேறி
நீரோட்டம் வருகிற பக்கம் கை விரித்து நிற்கும்,
வந்ததைத் தின்னும் என்றார்.
தொட்டேன். நாயுருவிபோல் ஒட்டிக்கொண்டது.
கருஞ்சிவப்பு.

ஒன்றை ஜாடியில் கொண்டுவந்தோம்.
ஒரே வாரத்தில் சிவப்பெல்லாம் தண்ணிக்கு இறங்கி
வரட்டீ ஆனது.
அதற்கு மிஞ்சியது சாக்கு நிறம்.

தேர்வன்று முப்பத்தாறு பேர்.
ஆளுக்கு மூன்று நிமிஷம். மணியடிப்பது நான்.
முப்பத்தைந்து தாளில் பத்துக் கைகள்.
புத்தகத்திலும் பத்து.
செட்டிச்சாவடி கோகிலவாணி மட்டும் குனிந்து
பேனா மூடியால் கண்ணாடியைத் தொட்டுத் தொட்டு எண்ணினாள்.
மணியடித்தும் நகரவில்லை.
'கைகள் ஒன்பது. ஒரு கவட்டையில் ஒன்று இல்லை.'
நாமக்கல்லிலிருந்து வந்த தேர்வாளர்
சிவப்பில் ஒரு கோடு இழுத்தார்.
அரை மார்க்.

சொல்லியிருக்கலாம்.
டீத்தட்டு கையில் இருந்தது,
உடைந்தது பையில் இருந்தது.
'பிஸ்கட் வேணுங்களா' என்றேன்.

கடலில் என்றால் முளைத்திருக்கும்.
மீனுக்கு ஒரு கையைக் கொடுத்துவிட்டு
மெதுவாய் இன்னொன்று வளர்த்துக்கொள்ளும் ஜாதி.
ஜாடியில் எதுவும் முளைக்காது.
அன்றைக்கே சட்டையைத் துவைத்துவிட்டாள் சரோசா.
டிக்கெட் கூழ். கை
பை மூலையில் கொஞ்சம் மணல்.

ரசாயனத்துறை தியாகப்பன் சொன்னான்:
உன் தப்பு பாதிதான்.
ஃபார்மலின் நாள்பட்டால் புளிக்கும்,
புளிப்பு சுண்ணாம்பைத் தின்னும்,
அதன் எலும்பு சுண்ணாம்பு, கூடக் கொஞ்சம் மக்னீசியம்.
மக்னீசியமா?
வெள்ளக்கல்பட்டிச் சுரங்கத்தில்
என் அப்பா முப்பது வருஷம் அதைத்தானே இருமினார்.

ஞாயிற்றுக்கிழமை டவுன் பஸ் பிடித்துப் போய்
கரட்டடியில் நாலு வெள்ளைக்கல் பொறுக்கினேன்.
வாட்ச்மேன் வேறு பக்கம் பார்த்து பீடி பற்றவைத்தார்.
கழுவி, அரிசியளவாய் உடைத்து
ஜாடியின் அடியில் பரப்பினேன்.
புளிப்பு முதலில் இதைத் தின்னட்டும்.
லேபிளில் பத்தை அடித்து ஒன்பது என்று எழுதினேன்.
தேதி போட்டேன். பேர் போடவில்லை.

அடுத்த வருஷம் முப்பத்திரண்டு பேர்.
லேபிள்மேல் வழக்கம்போல் எண் சீட்டு.
பத்து. பத்து. பத்து.
ஒரு கையில் மணி.
இன்னொன்று சட்டைப்பையில்,
எத்தனை துவைப்புக்கும் போகாத அந்த நறநறப்பை
விரல் நுனியால்
நிமிண்டிக்கொண்டு.